ஆவிகளின் பட்டியலிலும் நம் பெயர் இல்லை

பள்ளி விடுமுறை விட்டால் லூமூட் படகுத்துறையில் கால் வைக்க இடமிருக்காது. ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர், தெலுக் இந்தான் என்று மலேசியாவின் பேராக் மாநிலத்தின் நாலாபக்கமிருந்தும் நம் குடும்பங்கள் வந்து வரிசையில் நிற்கின்றன. அம்மாவின் கையில் புளிச்சோற்றுப் பாத்திரம். அப்பாவின் தோளில் சுருட்டிய பாய். பிள்ளைகளின் இடுப்பில், படகேறும் முன்பே ஊதி மாட்டிக்கொண்ட வளையம். எதிரே, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலப் பங்கோர் தீவு. பாசிர் போகாக்கில் குளியல், தெலுக் நிப்பாவில் வெயில் சாயும் நேரத்தில் கிளைக்குக் கிளை தாவும் இருவாய்ச்சிகள், சுங்கை பினாங் கெச்சில் கரையில் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் பத்திரகாளியம்மன், திரும்பும்போது ஒரு பை நெத்திலி. சாயங்காலப் படகில் பிள்ளைகள் மடியில் தூங்கி விழும்.

இதைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. ஒரு நாள் ரப்பர்ப் பால் வெட்டப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று என்று வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கடலில் குதித்துக் கூச்சல் போடுவதைப் பார்க்க நமக்கு மகிழ்ச்சிதான். நாம் கேட்க வந்தது வேறு. பேராக்கைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன காட்டப்படுகிறது, எது காட்டப்படாமல் விடப்படுகிறது, அந்த விடுதலில் யார் யாருக்குப் பங்கு என்பதே கேள்வி.

கேட்க வேண்டிய நேரமும் இதுதான். 2024-ஐப் பேராக் தன் வருகை ஆண்டாகக் கொண்டாடியது. 2026 நாடு முழுமைக்கும் வருகை ஆண்டு. 2020 ஜனவரி 1 முதல் பங்கோர் தீர்வையில்லாத் தீவு. ஆசியாவில் பார்க்க வேண்டிய பத்து இடங்களில் ஒன்று என்று 2016-இல் ‘லோன்லி பிளானட்’ ஈப்போவைக் குறிப்பிட்ட நாளிலிருந்து பழைய நகரத்துச் சந்துகளில் காப்பிக்கு வரிசை நிற்கிறது. கடை விரித்தாகிவிட்டது. அந்தக் கடையில் நூறு ஆண்டு உழைத்தவர்களுக்கு எந்த மூலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம்.

பங்கோரிலிருந்தே தொடங்கலாம். 1874 ஜனவரி 20 அன்று, இந்தத் தீவின் கரையோரம் நின்ற ‘புளூட்டோ’ கப்பலில்தான் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈயச் சுரங்கங்களுக்காக லாருட்டில் சீனக் கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. அரியணைக்காக அரச குடும்பத்தில் போட்டி. இரண்டையும் சாக்காக வைத்து ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் உள்ளே நுழைந்தார். ராஜா அப்துல்லாவுக்கு அரியணை கிடைத்தது. பிரிட்டிஷாருக்கு, சுல்தான் கேட்டு நடக்க வேண்டிய ஆலோசகராக ஒரு ரெசிடென்ட் பதவி கிடைத்தது. அதன் பிறகு பாதை வந்தது, ரயில் வந்தது, ஈயத்தோடு ரப்பரும் சேர்ந்துகொண்டது. ரப்பர் மரத்தைக் கீற ஆள் தேவைப்பட்டது. ஆளைத் தேடிக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். தாத்தாவும் பாட்டியும் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறினார்கள்.

ஆகவே பங்கோர்க் கரை நமக்கு வெறும் குளிக்கும் கரையாக இருக்க முடியாது. பிள்ளை மணல் வீடு கட்டும் இடத்துக்கு அப்பால், அலை அடிக்கிற அந்த நீரில்தான் நம் பயணச் சீட்டு எழுதப்பட்டது. இதைப் பிள்ளைக்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். விடுதி விளம்பரம் சொல்லாது. படகுக்காரர் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியவர்கள் நாம், நாம் சொல்வதில்லை.

அதே தீவில் தெலுக் கெடுங்கில் டச்சுக்காரர்கள் 1670-இல் ஈயம் சேமிக்கக் கட்டிய கோட்டையின் எச்சம் நிற்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரும் பாறை. அதில் ஒரு குழந்தையைக் கவ்விய புலியின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. டச்சுப் பெரியவர் ஒருவரின் பிள்ளை காணாமல் போனதன் நினைவு என்று கதை. உண்மையோ பொய்யோ, இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பிள்ளையின் இழப்பைக் கல் சுமக்கிறது; வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியாவில் போன பிள்ளைகளுக்குக் கிந்தா பள்ளத்தாக்கில் எத்தனை கல் இருக்கிறது?

ஈப்போவுக்கு வருவோம். ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் முதலில் அண்ணாந்து பார்ப்பது கட்டடக் கலைஞர் ஹப்பேக் வரைந்து 1917-இல் முடிந்த அந்த வெள்ளை மாளிகையை. உள்ளூர்க்காரர்கள் அதை ஈப்போவின் தாஜ்மகால் என்பார்கள். அங்கிருந்து பொடிநடையாகப் போனால் 1909-இல் எழுப்பிய பர்ச் நினைவு மணிக்கூண்டு. ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் பேராக்கின் முதல் ரெசிடென்ட். 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டவர். அந்தக் கொலைக்காக மலாய்த் தலைவர்களான மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் 1877-இல் தூக்கிலிடப்பட்டார்கள். மணிக்கூண்டு நிற்கும் தெருவின் இன்றைய பெயர் ஜாலான் டத்தோ சாகோர்.

இந்த ஏற்பாட்டை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். கொல்லப்பட்டவனுக்குக் கோபுரம்; கொன்றதற்காகத் தூக்கில் தொங்கியவனுக்குத் தெரு. விடுதலை பெற்ற நாடு வெள்ளைக்காரனின் மணிக்கூண்டை இடிக்கவில்லை. தன் ஆளின் பெயரை அதன் காலடியில் எழுதியது. பார்க்க வருகிறவன் இரண்டையும் பார்த்து, கதையின் இரண்டு பக்கத்தையும் தானே தெரிந்துகொள்கிறான். ஒரு வரலாற்றுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதும் இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தலாம் என்பதும் பேராக்குக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை ஓரிடத்தில் செய்துவிட்டு இன்னோரிடத்தில் செய்யாமல் விட்டால், அதற்கு அறியாமை என்று பெயரில்லை.

செய்யாமல் விட்ட அந்த இடம், ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில் காரில் போய்ச் சேரக்கூடிய கெல்லி மாளிகை.

வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்ற சிற்றூரில் 1870-இல் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். பேராக்கில் காடு வெட்டும் ஒப்பந்த வேலையில் பணம் சேர்த்து, பத்து காஜாவுக்கு அருகே ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் போட்டார். ஊர்ப் பாசத்தில் கிந்தா கெல்லாஸ் தோட்டம் என்று பெயர் வைத்தார். முதலில் ஒரு வீடு கட்டினார், அது போதவில்லை. 1915-இல் மாளிகைக்கு அடி போட்டார். செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டும் ஆட்களும் மதராஸிலிருந்து வந்தார்கள். மின்தூக்கிக்கான குழி இன்றும் இருக்கிறது, மின்தூக்கி வரவேயில்லை. 1926-இல் லிஸ்பன் போயிருந்த இடத்தில் ஸ்மித் நிமோனியாவில் இறந்துபோனார். மாளிகை பாதியில் நின்றது. மனைவி எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தாயகம் திரும்பினார்.

நடுவில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1918-இல் உலகையே வாரிக்கொண்டு போன ஸ்பானிய இன்ஃப்ளுவென்சா கிந்தா கெல்லாஸ் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குள்ளும் புகுந்தது. கட்டட வேலைக்கு வந்தவர்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். எஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியாத்தாளுக்கு ஒரு கோயில் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவரும் கட்டிக் கொடுத்தார். மாளிகையிலிருந்து நடந்து போகும் தொலைவில் அந்த மகா மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அதன் கூரைமேல், சாமி சிலைகளுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கிறது. அது கெல்லி துரை. கோயில் கட்டிக் கொடுத்தவருக்குத் தொழிலாளர்கள் செய்த மரியாதை.

இப்போது மாளிகைக்குள் போய்ப் பாருங்கள். எதை விற்கிறார்கள்? துரையின் காதல், துரையின் கனவு, துரையின் துயர முடிவு. அவற்றோடு பேய். நாட்டின் பேய்க் கதை இடங்களில் கெல்லி மாளிகைக்கு எப்போதும் முன்வரிசை. துரையின் ஆவி நடைக்கூடத்தில் உலவுகிறதாம். மகளின் ஆவி அறையில் தெரிகிறதாம். சுரங்கப் பாதையில் ஏதோ ஓசை கேட்கிறதாம். இளவட்டங்கள் கைப்பேசியை ஏந்திக்கொண்டு இருட்டு மூலைகளில் அலைகின்றன.

கடந்த விடுமுறையில் அங்கே நம் காதில் விழுந்த ஓர் உரையாடலை அப்படியே தருகிறோம். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றிருந்தார். வாழ்நாளெல்லாம் பால் வெட்டிய விரல்கள், உளி பிடித்த வாக்கிலேயே மடங்கிப் போயிருந்தன. முன்னால் போன கூட்டத்துக்கு யாரோ ஆவிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வயதுப் பேத்தி கேட்டாள்:

“பாட்டி, இதைக் கட்டின நம்ம ஆளுங்க நெறைய பேரு செத்துட்டாங்கன்னு சொன்னீங்கள்ல. அவங்க யாரும் பேயா வரலியா?”

பாட்டி சிரிக்கவில்லை. செங்கல் சுவரில் கை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

“அவங்களுக்கு ஏதும்மா நேரம்? விடிஞ்சா பெரட்டுக்குப் போவணும்.”

பொழுது புலருமுன் பெரட்டுக்களத்தில் வரிசை நின்று பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பதில் அது. அதற்குமேல் ஒரு வரலாற்று ஆசிரியர் எழுதுவதற்கு அதிகமில்லை. தொலைவில் லிஸ்பனில் இறந்தவருக்கு இங்கே ஆவி இருக்கிறது. அவர் மகளுக்கும் ஆவி இருக்கிறது. இந்த மண்ணிலேயே விழுந்து இந்த மண்ணிலேயே புதைந்தவர்களுக்கு ஆவிகளின் பட்டியலிலும் இடமில்லை. ‘மதராஸ் தொழிலாளர்கள்’ என்ற இரண்டு சொல்லில் அவர்கள் கதை முடிந்துவிடுகிறது.

இதற்கு நம் தீர்ப்பைத் தயக்கமின்றிச் சொல்கிறோம். இது மறதி அல்ல, மோசடி. பொய் சொல்லி ஏமாற்றுவது மட்டுமே மோசடி என்று எண்ண வேண்டாம். உண்மையில் பாதியை மட்டும் எடுத்து வைத்துச் சீட்டுக்குக் காசு வாங்குவதும் அதுதான். துரை மேல் நமக்குப் பகை கிடையாது. கேட்டபோது கோயில் கட்டிக் கொடுத்த மனிதர் அவர். அந்த நன்றியைக் கூரைமேல் ஏற்றி வைத்தவர்கள் நம்மவர்கள். பகை அவரைக் காட்டும் விதத்தின்மேல்தான். சாவைச் சுற்றுலாப் பயணிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டும் திகிலாக்கி, அந்தத் திகிலிலும் மேல் சாதி கீழ் சாதி போல, துரைக்கு ஓர் இடம் கூலிக்கு ஓர் இடம் என்று பிரித்து வைப்பது அறமாகாது.

மாளிகை ஒன்றுதானா? கோலகங்சாரில் 1877-இல் ரெசிடென்ட் ஹியூ லோ நட்டவற்றில் எஞ்சியது என்று சொல்லப்படும் ஒரு ரப்பர் மரம், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகையோடு பத்திரமாக நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மரத்துக்கு மரியாதை செய்கிற மாநிலம், மரத்தைக் கீறிய கைக்கு என்ன செய்தது? 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. பள்ளிப் புத்தகத்தில் அது இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் முள்வேலிக்குள் அடைபட்டு, சோற்றுப் பொட்டலம்கூடச் சோதனைக்குள்ளாகி, இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் பால் வெட்டப் போனவர்களின் கதையைச் சொல்ல சுங்கை சிப்புட்டில் எந்தச் சுற்றுலாப் பேருந்து நிற்கிறது?

ஈப்போ புந்தோங்கில் நிற்கிறது என்பார்கள். உண்மைதான். அங்கே கச்சாங் பூத்தே கிராமத்தில் முறுக்கும் கடலையும் வாங்கப் பேருந்துகள் நிற்கின்றன. எண்ணெய்ச் சட்டியின் முன் விடிய விடிய நிற்கும் அந்தக் குடும்பங்களின் உழைப்புக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் ஒரு மாநிலத்தைச் சுமந்த சமூகத்துக்குச் சுற்றுலா வரைபடத்தில் கிடைத்த இடம் ஒரு முறுக்குப் பொட்டலம் அளவுதான் என்றால், அந்த வரைபடத்தைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

காரணத்தைத் தேடினால் நிலத்துக்குத்தான் போய் முடிகிறது. துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிய காலத்தில் வேலையும் வீடும் ஒருசேரப் போயின. சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அந்தச் சாதனை சிறியதன்று. ஆயினும் பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறின. லயம் இடிந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயக்கொட்டகை இடிந்தது. பெரட்டுக்களத்தில் புல் முளைத்தது. கோயில் மட்டும், சில இடங்களில் வழக்கு மன்றம் வரை போய், பிழைத்துக் கிடக்கிறது. பால் வடிந்த மங்கு பழம்பொருள் கடையில் அலங்காரப் பொருளாகிவிட்டது. நம் பிள்ளைகள் அதை விலை கேட்கிறார்கள். அது எதற்கு என்று கேட்பதில்லை.

இடிந்ததைக் காட்ட முடியாது, காட்டினாலும் யார் வருவார்கள் என்று சிலர் கேட்பார்கள். வருவார்கள் என்பதற்கு உலகத்தில் சாட்சி உண்டு. நம்மைப் போலவே தமிழனும் பீகாரியும் கரும்பு வெட்டப் போன மொரீஷியஸ், கடற்கரைக்கே பெயர் போன தீவு. பணக்கார ஐரோப்பியர் அங்கே வெயில் காயத்தான் போகிறார்கள். அந்தத் தீவின் தலைநகர் போர்ட் லூயிஸில், கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிய அப்ரவாசி காட் படிகளை இடிக்காமல் காத்தார்கள். கல் படிகளும் பழைய குடியேற்ற முகாமின் எச்சமும், அவ்வளவுதான். 2006-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நவம்பர் 2 அங்கே பொது விடுமுறை. வெயில் காய வந்தவர்களும் அந்தப் படிகளைப் பார்க்கிறார்கள். படிகளைக் காட்டியதால் கடற்கரைக்குக் கூட்டம் குறையவில்லை.

இலங்கையைப் பாருங்கள். தேயிலை மலையில் துரை பங்களாக்கள் பல சொகுசு விடுதிகளாகிவிட்டன. லயன் அறையில் இன்னமும் ஆள் குடியிருக்கிறது. அந்த முரணுக்கு நடுவிலும், கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்து லயன் ஒன்றை மலையகத் தமிழர்கள் 2007-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். பெரும் பணக்காரர் எவரும் செய்யவில்லை. தொழிலாளர் நலனுக்காக உழைத்த ஒரு சிறு நிறுவனம் செய்தது. கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் ஆட்டுக்கல்லும் அங்கே தங்கள் கதையைத் தாங்களே சொல்கின்றன.

நம் பக்கத்தில் நடந்ததையும் சொல்லிவிடுவோம். கப்பலில் வந்த நம்மவர்களை நோய்க்குப் பயந்து அடைத்து வைத்த பினாங்கின் ஜெரெஜாக் தீவில் பின்னாளில் உல்லாச விடுதி எழுந்தது. அடைபட்டுக் கிடந்த இடம் ஓய்வெடுக்கும் இடமாயிற்று. கரை மாறவில்லை, கரையில் நிற்பவனின் நினைவு மட்டும் அழிந்தது.

எதிர்வாதங்களைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. முதல் வாதம்: சுற்றுலா என்பது சந்தோஷத்துக்கு, அழுவதற்கு யாரும் படகேற மாட்டார்கள். அழச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேய்க் கதைக்கு அரை மணி நேரம் நிற்கிறவன் மனிதக் கதைக்குப் பத்து நிமிடம் நிற்பான். இரண்டாவது: வருமானம் வந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே. நல்லதுதான், எல்லோருக்கும் வந்தால். பங்கோரில் மீன்பிடித்துக் கருவாடு காயப்போடுகிறவர்களின் பிழைப்பு சுற்றுலாவால் உயர்ந்தால் நாம் கை தட்டுவோம். தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்துப் பையன் அந்த மாளிகையில் வழிகாட்டியாக நின்று தன் பாட்டனின் கதையைச் சொல்லிச் சம்பளம் வாங்கினால் இரட்டிப்பாகத் தட்டுவோம். மூன்றாவது வாதம் நம்மவர்களிடமிருந்தே வருகிறது: “கஷ்டப்பட்ட கதையை எதுக்குத் திரும்பத் திரும்ப? புள்ளைங்க முன்னேறட்டும்.” இந்த வாதத்தின் வலியை நாம் அறிவோம். லயத்தில் வாழ்ந்ததைச் சொல்ல வெட்கப்பட்ட ஒரு தலைமுறை நம்மிடையே இருக்கிறது. ஆனால் வெட்கப்பட வேண்டியவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள் அல்லர். அப்படி வாழ வைத்தவர்கள்.

ஆகவே கூண்டில் நிற்பவர்கள் மூவர்.

முதலாமவர், மாநிலத்தின் சுற்றுலாவை நடத்துகிறவர்கள். அவர்கள் மீதான குற்றம், தெரிந்தும் பாதியை விட்டது. பரிகாரமும் எளிது. மாளிகைக்குள், துரையின் படம் இருக்கும் இடத்துக்குச் சமமான இடத்தில், கட்டியவர்களின் வரலாறு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழியிலும் எழுதப்பட வேண்டும். 1918-இல் மாண்டவர்களுக்கு அங்கேயே ஒரு நினைவுக்கல் வேண்டும். மாளிகைக்குப் போகிறவன் கோயிலையும் பார்த்துத் திரும்பும்படி வழியும் விளக்கமும் வேண்டும். சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு கோயிலின் பராமரிப்புக்குச் சேர வேண்டும். இவற்றுக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

இரண்டாமவர், தோட்ட நிலத்தை இன்று வைத்திருப்பவர்கள். கிந்தாவிலும் சுங்கை சிப்புட் பக்கத்திலும் ஏதோ ஓர் ஓரத்தில் ஒரு வரிசை லயம் இன்னும் நின்றுகொண்டிருக்கும். அதில் ஒன்றே ஒன்று போதும். லயம், ஆயக்கொட்டகை, பெரட்டுக்களம், பத்து நிரை பால்மரம், பால் நிறுத்த ஸ்டோர். அதை இடிக்காமல் மாநிலத்திடம் ஒப்படைத்தால், மணிக்கூண்டுக்கு எதிரே தெருப் பெயர் நிற்பதுபோல மாளிகைக்கு எதிரே லயம் நிற்கும். நூறு ஆண்டு லாபத்தில் அது ஒரு துளி. அதையும் தர மனமில்லையென்றால் பேராசை என்ற சொல்லைத் தவிர வேறு சொல் நம்மிடம் இல்லை.

மூன்றாமவர் நாம். நம் குற்றம்தான் கனமானது. மாளிகையில் திருமணப் படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்திருக்கும் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. நம் சங்கங்கள் தமிழ்நாட்டுக்குப் பத்து நாள் புனித யாத்திரை ஏற்பாடு செய்கின்றன. பத்து மைல் தள்ளியிருக்கும் பழைய தோட்டத்துக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்வதில்லை. நாட்டில் வேறெந்த மாநிலத்தையும்விடத் தமிழ்ப்பள்ளிகள் அதிகமுள்ள மாநிலம் பேராக். அவற்றில் பல ஆண்டுக்கு ஒரு சுற்றுலா போகின்றன. அதில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பால் வெட்டிய ஒரு பாட்டியைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனால் போதும். பாடப்புத்தகம் பத்து ஆண்டில் சொல்லாததை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவர்கள் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகிறது.

நம்மைப் பற்றி இன்னொன்றும் உண்டு. விடுமுறை முடிந்த மறுநாள் காலை பங்கோர்க் கடற்கரையில் நடந்து பாருங்கள். அலை ஒதுக்கிய நெகிழிப் பைகள், சோற்றுப் பொட்டலத் தாள்கள், உடைந்த ரப்பர் வளையங்கள். எல்லா இனத்தவரும் போட்டதுதான். அதில் நம் பங்கும் இருக்கிறது. பிறர் நம் தடத்தை அழிக்கிறார்கள் என்று குமுறும் நாம், போகிற இடத்தில் விட்டு வரும் தடம் குப்பையாக இருக்கக் கூடாது. தாத்தன் வந்த கடலை அசுத்தம் செய்துவிட்டு அவன் வரலாற்றுக்கு மரியாதை கேட்பது பொருந்தாது.

தோட்டத்தில் ஒரு விதி இருந்தது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. வெயிலில் நின்றது, மழையில் நனைந்தது எதுவும் கணக்கில் வராது. குமாஸ்தாவான கிராணி எழுதினால்தான் உண்டு. அந்த விதிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள் கொடுக்கல் வாங்கலில் நாணயமானவர்கள். துரை கோயில் கட்டிக் கொடுத்தார். தொப்பியும் கோட்டுமாகச் சாமிகளுக்கு நடுவே அவரை நிறுத்தித் தங்கள் பக்கத்துக் கடனை அவர்கள் அன்றே அடைத்துவிட்டார்கள். நடந்து போகும் தொலைவில் இருக்கும் மாளிகை அவர்களுக்குத் தர வேண்டியது மட்டும் நூறு ஆண்டாக நிலுவையில் கிடக்கிறது. கேட்பதற்கு அவர்கள் ஆவியாகக்கூட வரவில்லை. கேட்க வேண்டிய நாமோ சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.